நாணல் வீட்டுச் சம்பந்தம்

வழிவழி: மரபியலின் கதை – 11

ராயகிரிக்குப் போனபோது கார்த்திகை மழை விட்டு இரண்டு நாள் ஆகியிருந்தது. மேற்கே மலை கழுவி வைத்தது போல் நின்றது. நெல்லும் தென்னையும் போக மிச்ச நிலத்தில் கரும்பு. ஒரு வயலில் பார் பிடித்துக் கரணை ஊன்றிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வயல் முற்றிய கரும்பு. அதில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தோகைக்கு மேலே வெள்ளி நிறத்தில் பூ நீட்டிக்கொண்டிருந்தது. தூரத்திலிருந்து பார்க்க அழகு. வயலுக்குச் சொந்தக்காரருக்கு அந்த அழகு பிடிக்கவில்லை.

"பூத்துட்டு தம்பி. பூ வந்துட்டா அந்தக் கரும்பு வளத்தி நின்னுபோச்சுன்னு அர்த்தம். வெட்டாம விட்டா உள்ள நெட்டி விழுந்துரும், எடை நிக்காது."

"அந்தப் பூவுலதான் அண்ணாச்சி விதை இருக்கு" என்றேன்.

"கரும்புக்கு ஏது வெதை? எங்க ஐயா காலத்துலேர்ந்து கரணைதான் ஊணுதோம்."

அவர் சொன்னதில் தப்பில்லை. பல நூறு ஆண்டுகளாக உலகமே அப்படித்தான் நம்பியது. போன வாரம் மெண்டலின் பட்டாணித் தோட்டத்தில் நின்றோம். இந்த வாரம் அங்கிருந்து கரும்புக் காட்டுக்கு வருவதற்குக் காரணம் இருக்கிறது. மரபு என்றால் என்ன, மரபு இல்லாமல் பெருகுவது என்றால் என்ன என்ற இரண்டையும் ஒரே பயிரில் காட்டுவது கரும்பு. அந்தப் பாடத்தை நடத்திய பள்ளிக்கூடமும் நம் கோயம்புத்தூரில்தான் இருக்கிறது.

முதலில் கரணை. இரண்டு பருவோ மூன்று பருவோ இருக்கும் துண்டை மண்ணில் வைத்தால் கணுவிலுள்ள பரு முளைக்கிறது. வந்த கரும்பை அந்தத் துண்டின் பிள்ளை என்று சொல்லக் கூடாது. அது அதே ஆள்தான். மகரந்தம் இல்லை, அப்பா இல்லை, பாதிப் பாதி கலக்கும் வேலையே இல்லை. வெட்டிய பிறகு அடிக்கட்டையிலிருந்து கிளம்பும் கட்டைக் கரும்பும் அதே ஆள். ராயகிரியில் ஒரு வயலில் நிற்கும் ஆயிரக்கணக்கான கரும்பும் மரபுப்படி ஒரே செடி, ஆயிரம் இடத்தில் நிற்கிறது. விவசாயிக்கு இது பெரிய வசதி. இந்த வருடம் இனித்தது அடுத்த வருடமும் இனிக்கும். நல்ல கரும்பின் விதையை விதைத்தால் அப்படி இருக்காது. ஒரே பூவிலிருந்து வந்த நூறு நாற்றும் நூறு விதமாக இருக்கும். ஒன்று தடித்து, ஒன்று நாணல் போல மெலிந்து, ஒன்று சப்பென்று.

விதை உண்டு என்பதே தாமதமாகத்தான் தெரிந்தது. 1858-ல் பார்படோஸ் தீவில் கரும்பு நாற்றுகள் தானாக முளைத்திருந்ததைப் பார்த்துச் சொன்னார்கள். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. முப்பது ஆண்டு கழித்து, ஜாவாவில் சோல்ட்வெடலும் பார்படோஸில் ஹாரிசனும் பொவெலும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் கரும்பு விதையை முளைக்க வைத்தார்கள். விதை மணி ஒன்றரை மில்லிமீட்டர் இருந்தால் அதிகம், சுற்றிலும் பட்டு மாதிரி ரோமம். பஞ்சு என்று ஊதிவிடக்கூடிய பொருள். அதற்குள்தான் கரும்பின் எதிர்காலம் இருந்தது.

அதே காலத்தில்தான் மெண்டலும் மறக்கப்பட்டுக் கிடந்தார். அவருடைய கட்டுரை அச்சானது 1866-ல். மூன்று பேர் தனித்தனியே அதே முடிவுக்கு வந்து அவரைத் தோண்டி எடுத்தது 1900-ல். போன வார எண்ணிக்கை நினைவிருக்கும்: 5,474 உருண்டைப் பட்டாணி, 1,850 சுருங்கிய பட்டாணி, மூன்றுக்கு ஒன்று. அப்பா பண்பும் அம்மா பண்பும் பாலும் தண்ணீருமாகக் கலந்து நீர்த்துப் போவதில்லை. சோழியைப் போல முழுசு முழுசாகக் கைமாறுகின்றன. ஒரு தலைமுறையில் ஒளிந்த சோழி அடுத்ததில் வெளியே வரும். இந்தச் செய்தி புதுசாக இருந்த நாட்களில், 1912-ல், கோயம்புத்தூரில் கரும்பு இனப்பெருக்க நிலையம் திறக்கப்பட்டது. முதல் நிபுணர் சார்லஸ் ஆல்ஃபிரட் பார்பர். 1898-லேயே சென்னை மாகாண அரசின் தாவரவியலாளராக வந்தவர். கோதாவரிக் கழிமுகத்துக் கரும்பைச் செவ்வழுகல் நோய் தின்றபோது சாமல்கோட்டையில் ஆராய்ச்சிப் பண்ணை போட்ட அனுபவம் அவருக்கு இருந்தது.

ஏன் கோயம்புத்தூர்? நாட்டின் கரும்பில் பெரும்பகுதி வடக்கே கங்கைச் சமவெளியில். அங்கே பனி, கரும்பு பெரும்பாலும் பூக்காது, பூத்தாலும் விதை பிடிக்காது. கோயம்புத்தூரில் பூக்கும், விதையும் பிடிக்கும். ராயகிரி அண்ணாச்சி எதைப் பார்த்து முகம் சுளித்தாரோ, அதற்காகத்தான் அந்த ஊரையே தேர்ந்தெடுத்தார்கள்.

வடக்கத்திக் கரும்பு மெலிசு; குளிரும் தண்ணீர்த் தேக்கமும் தாங்கும், சாறு குறைவு. தெற்கத்திக் கரும்பு கை தடிமன், வாய் நிறையச் சாறு. ஆனால் சொகுசுப் பேர்வழி, பஞ்சாபுக்கு அனுப்பினால் ஒரு குளிர்காலம் தாண்டாது. இரண்டு குணமும் ஒன்றில் வேண்டும். பார்பரும் அவருடைய உதவியாளர் டி.எஸ். வெங்கடராமனும் செய்த காரியம் அந்தக் காலத்து ஆட்களுக்குக் கிறுக்குத்தனமாகவே பட்டிருக்கும். வெள்ளை என்ற பெயருள்ள தடித்த கரும்பைப் பெண்ணாக வைத்து, கோயம்புத்தூர் ஓடைக்கரையில் காடாய்க் கிடந்த நாணலிலிருந்து மாப்பிள்ளை எடுத்தார்கள்.

நாணல்! இனிப்பு கிடையாது, மாடுகூட முற்றிய பிறகு தொடாது, கூரை வேயத்தான் ஆகும். ஆனால் வெள்ளத்தில் நிற்கும், வறட்சியில் நிற்கும், வெட்டினால் மறுபடி வரும். கரும்பும் அதுவும் ஒரே பேரினம்.

கல்யாணம் நடத்துவது பொறுமை வேலை. கரும்புப் பூ ஒரு கொத்தில் ஆயிரக்கணக்கான பொடிப் பூக்கள், விடியற்காலையில் திறக்கும். பட்டாணியில் மெண்டல் செய்தது போல ஒவ்வொரு பூவிலும் மகரந்தப் பையைக் கிள்ளிப் போட முடியாது. அதனால் இயற்கையே மகரந்தப் பை திறக்காமல் விட்ட ரகங்களைப் பெண்ணாகத் தேடிப் பிடிக்க வேண்டும். பெண் கொத்துக்கு வேற்று மகரந்தம் ஒட்டாதபடி துணிக்கூண்டு. ஆண் கொத்தை வெட்டி வந்து மேலே பிடித்துத் தட்டினால் மஞ்சள் தூள் இறங்கும். பிறகு விதை முதிரும் வரை காவல், பஞ்சைச் சேகரித்துத் தொட்டியில் தூவி ஈரம் காயாமல் காவல், புல்லோடு புல்லாக வரும் நாற்றைப் பிடுங்கி நடுதல், முதிரும் வரை மறுபடி காவல். ஆயிரம் நாற்றில் ஒன்று தேறினால் அதிர்ஷ்டம். தேறிய ஒன்று கிடைத்த நாளிலிருந்து கதையே மாறும். அப்புறம் விதை வேண்டாம், பூ வேண்டாம், வெட்டிக் கரணையாக்கி ஊர் ஊராக அனுப்பிவிடலாம். ஒரே ஒரு பூவில் விழுந்த சோழிகள் அப்படியே உறைந்துபோய் லட்சம் ஏக்கருக்குப் பரவும்.

அப்படித் தேறியது கோ 205. கோ என்றால் கோயம்புத்தூர். 1918-ல் வெளியானது. பஞ்சாபில் உள்ளூர்க் கரும்பைவிடப் பாதிக்குப் பாதி அதிக விளைச்சல் கொடுத்தது. காட்டுப் புல்லோடு சேர்ந்து பிறந்து, வயலுக்கு வந்து, ஆலைக்குப் போன கரும்பு. பார்பர் 1919-ல் ஊர் திரும்பினார். நிலையம் வெங்கடராமன் கைக்கு வந்தது. பிறகு வந்த கோ ரகங்கள் வடக்கு முழுவதும் பரவின. 1932-ல் சர்க்கரைத் தொழிலுக்குச் சட்டப் பாதுகாப்பும் வந்து சேர, முப்பதைச் சுற்றி இருந்த ஆலைகள் ஐந்தாறு ஆண்டில் நூற்றைத் தாண்டின. ஜாவா சர்க்கரைக்காகத் துறைமுகத்தில் காத்திருந்த நாடு தன் சர்க்கரையைத் தானே காய்ச்சத் தொடங்கியது. வெங்கடராமனுக்கு 1942-ல் சர் பட்டம், 1956-ல் பத்மபூஷண். சம்பந்தம் பேசும் ஆசை அவரை விடவில்லை. ஆறு மாதத்தில் முதிரும் கரும்பு வேண்டும் என்று சோளத்தோடு கலந்தார், மூங்கிலோடுகூடக் கலந்து பார்த்தார். மூங்கில் கதை பத்திரிகைகளில் அடிபட்டது, ஆலைக்கு வரவில்லை.

ஜாவாவில் டச்சுக்காரர்கள் இதே வழியில் முன்னால் போய்க்கொண்டிருந்தார்கள். தடித்த கரும்புக்கு அவர்கள் வைத்த பெயர் 'உயர்குலக் கரும்பு'. காட்டு நாணலோடு சேர்ந்து பிறந்ததை மறுபடி மறுபடி உயர்குலத்திலேயே கட்டிக்கொடுத்து இனிப்பை மீட்பதற்குப் பெயர் 'குலமேற்றல்'. கரும்பிலும் குலம் பார்த்திருக்கிறார்கள் பாருங்கள். அந்த உயர்குலம் நோயில் செத்துக்கொண்டிருந்தபோது காப்பாற்ற வந்தது நாணல்தான்.

இங்கேதான் மெண்டல் பாடத்துக்கு ஒரு சோதனை வந்தது. அப்பாவும் அம்மாவும் தங்களிடம் உள்ள குரோமோசோம்களில், அதாவது அந்தச் சோழிகள் கோத்திருக்கும் இழைகளில், சரிபாதியைத்தான் பிள்ளைக்குக் கொடுப்பார்கள். மனிதனுக்கு 46; அப்பாவிடமிருந்து 23, அம்மாவிடமிருந்து 23. உயர்குலக் கரும்புக்கு 80. கோயம்புத்தூர் நாணலுக்கு 64. பாதி 40, பாதி 32. பிள்ளைக்கு 72 இருக்க வேண்டும். கோ 205-ல் இருப்பதோ 112. ஜாவாவில் இதே மாதிரிக் கலப்புகளை 1920-களில் எண்ணிய பிரெமர் என்ற டச்சுக்காரர் சூட்சுமத்தைச் சொன்னார். அப்பா நாணல் ஒழுங்காகப் பாதிதான் கொடுக்கிறது. அம்மாக் கரும்பு பாதியோடு நிறுத்துவதில்லை. தன்னிடமுள்ள 80-ஐயும் சீராகக் கொண்டுவந்து இறக்கிவிடுகிறது. 80-ம் 32-ம் 112. ஜாவா மலைச்சரிவில் தானாகப் பிறந்து கிடைத்த கஸ்ஸூர் என்ற கலப்பிலும் அதே கணக்கு: ஜாவா நாணலுக்கு 112, அதில் பாதி 56, அம்மாவின் முழு 80, கூட்டினால் 136.

காட்டுப் புல்லோடு ஒரே ஒரு தடவை கலந்தும் கரும்பு கரும்பாகவே இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம். இந்த அம்மா தராசில் கை வைக்காமல் இருந்திருந்தால், இனிப்பைத் திரும்பப் பிடிக்க இன்னும் பல தலைமுறை ஆகியிருக்கும்.

இதையெல்லாம் வரப்பில் உட்கார்ந்து சொன்னபோது அண்ணாச்சி கேட்டார்: "சரி, இப்ப நான் ஊணுதேனே, இது யாரு வீட்டுப் புள்ளை?"

அவர் ஊன்றிக்கொண்டிருந்தது கோ 86032. தமிழ்நாட்டில் பல ஆண்டுகளாக அதிகம் காணப்படும் ரகம். அந்த எண்ணைப் படிக்க ஒரு வழி உண்டு: 86 என்றால் 1986, அந்த வருடத் தேர்வில் 32-ஆவது. பொறுக்கி எடுத்து, பல இடங்களில் நட்டுப் பார்த்து, விவசாயிக்கு என்று வெளியிட்டபோது 2000 ஆகிவிட்டது. ஒரு கரும்பு பள்ளிக்கூடம் முடிக்க அத்தனை வருடம்.

தாய் வழியை விட்டுவிட்டு அப்பா வழியில் ஒரே ஒரு கிளையைப் பிடித்து ஏறினோம். 86032-க்கு அம்மா கோ 62198, அப்பா கோ.சி 671. கோ.சி என்றால் கலந்தது கோயம்புத்தூரில், தேர்ந்தெடுத்தது கடலூரில். அந்த 671-க்கு அம்மா ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துக்காரி, அப்பா கோ 775. ஆக 775 தாத்தா. தாத்தாவைப் பெற்றவள் ஜாவாவின் பி.ஓ.ஜே 2878, 1921-ல் உருவாகி, சில வருடங்களில் ஜாவாக் கரும்புக் காடுகளில் பெரும்பகுதியைப் பிடித்த பேர்பெற்ற கரும்பு, நம்ம ரகத்துக்குப் பூட்டி. பூட்டிக்கு அம்மா பி.ஓ.ஜே 2364. அதன் அப்பா கஸ்ஸூர். கஸ்ஸூரின் அப்பா காட்டு நாணல். 86032-ஐயும் சேர்த்து எண்ணினால் ஏழாவது தலைமுறையில் நாணல் நிற்கிறது.

அண்ணாச்சி வாய்க்கால் பக்கம் கையைக் காட்டினார். கரையில் நாணல் பூத்துக் கிடந்தது. பக்கத்துக் கரும்புப் பூவுக்கும் அதற்கும் சாடை ஒட்டியது. "அப்ப அதுவும் நமக்குச் சொந்தமா?"

"ஜாவா நாணலுக்குத் தூரத்துப் பங்காளி."

"பங்காளியா? அதான் வருஷா வருஷம் வரப்பத் தாண்டி வருது."

இனி, போன வாரம் ஒரு வாசகர் கேட்டிருந்த கேள்வி: மூன்றுக்கு ஒன்று என்ற கணக்கு எல்லா உயிரிலும் தெரியுமா? கரும்பில் எளிதில் தெரியாது. பட்டாணியில் ஒரு பண்புக்கு இரண்டே சோழி, அம்மாவுடையது ஒன்று, அப்பாவுடையது ஒன்று. இன்றைய கரும்பில் குரோமோசோம் 100-லிருந்து 130 வரை. ஒவ்வொரு மரபணுவுக்கும் பத்துப் பன்னிரண்டு பிரதி. குரோமோசோம்களில் ஏறத்தாழ எண்பது சதவீதம் உயர்குலத்தது, மிச்சம் நாணலுடையதும் இரண்டும் ஒட்டிக்கொண்டதும். பன்னிரண்டு சோழியைக் குலுக்கி ஆறு எடுத்தால் விழக்கூடிய வகைகள் எத்தனை! போதாததற்கு, இனிப்பு என்பது ஒரு மரபணுவின் வேலையும் அல்ல. சிறிது சிறிதாகப் பல மரபணுக்கள் சேர்ந்து, தண்ணீரும் வெயிலும் உரமும் கை கொடுத்து வருவது. அதனால் இனிப்புக் கரும்பு, சப்பைக் கரும்பு என்று இரண்டு கட்சி பிரியாது. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை படிப்படியாக வரும். மனிதர் உயரமும் அப்படித்தான். ஒரே வீட்டில் அண்ணன் தம்பி ஐந்து பேரும் ஐந்து உயரம். மெண்டல் பொய்யாகவில்லை. சோழிகள் கூடிப்போனதில் அவர் கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

ஓரிடத்தில் தெரிந்தார். ரீயூனியன் தீவில் ஆர் 570 என்று ஒரு கரும்பு. பழுப்புத் துரு நோய் அதைத் தொடாது. அதைத் தன் மகரந்தத்தாலேயே சூல் கொள்ள வைத்து, வந்த நாற்றுகளைப் பார்த்தார்கள் பிரெஞ்சு ஆராய்ச்சியாளர்கள். மூன்று பங்கு தப்பியது, ஒரு பங்குக்குத் துரு பிடித்தது. 1996-ல் இதைச் சொன்னார்கள். நூற்றுக்கு மேற்பட்ட குரோமோசோம்கள் நெருக்கியடிக்கும் கூட்டத்தில், நோயைத் தடுக்கும் அந்த மரபணு ஒரே ஒரு குரோமோசோமில் மட்டும் இருந்திருக்கிறது. பன்னிரண்டு பேரில் ஒருவர் மட்டும் கையில் விளக்கு வைத்திருந்தால் அவர் யாருக்குக் கொடுத்தார் என்று எளிதாகப் பார்த்துவிடலாம். 130 ஆண்டு கழித்து, தோட்டத்துப் பட்டாணியின் கணக்கு கரும்புக் காட்டில் அட்சரம் பிசகாமல் விழுந்தது. இதே ஆர் 570-இன் மரபுத்தொகுதியைத்தான் 2024-ல் படித்து வெளியிட்டார்கள். சுமார் 870 கோடி எழுத்து. மனிதனின் ஒரு முழுத் தொகுப்பு 300 கோடிதான் என்பதைச் சொன்னால் கரும்பு தின்பவர்களுக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும்.

கரணை வசதிக்கு ஒரு விலை உண்டு. எல்லாச் செடியும் ஒரே ஆள் என்றால் எல்லா வீட்டுக்கும் ஒரே பூட்டு. கள்ளச்சாவி ஒன்று கிடைத்தால் தெருவே காலி. கோ 0238 என்ற ரகம் உத்தரப் பிரதேசத்தின் கரும்புப் பரப்பில் 80 சதவீதத்துக்கும் மேல் பிடித்தது. விவசாயிக்கும் ஆலைக்கும் அள்ளிக் கொடுத்தது. பிறகு செவ்வழுகல் பூஞ்சை புதுச் சாவி செய்துகொண்டது. இப்போது அங்கே அந்த ரகத்தை மாற்றச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். 0238-இன் அப்பாவும் நம் கோ 775-தான். ஆக, ராயகிரியில் நிற்கும் 86032-க்கு அது சித்தப்பா முறை. வயதில் பதினாறு வருடம் இளைய சித்தப்பா. நம் ஊர்க் குடும்பங்களில் அது புதிதில்லை.

புதுப் பூட்டுச் செய்ய மறுபடி நாணலிடம்தான் போக வேண்டும். ஆனால் எந்த நாணல்? ஓடைக்கு ஓடை அது வேறு. கோயம்புத்தூர் நாணலுக்கு 64 குரோமோசோம், ஜாவா நாணலுக்கு 112. உலகம் முழுதும் பார்த்தால் 40-லிருந்து 128 வரை என்று இன்றைக்குத் தெரியும். எது எந்த நாணல் என்று தெரிய, ஒவ்வொன்றாக உட்கார்ந்து எண்ணத்தான் வேண்டும்.

எண்ணுவது என்றால் என்ன என்பதையும் சொல்லிவிட வேண்டும். வேர் நுனியில் சில மில்லிமீட்டர்தான் உயிரணுக்கள் பிரிந்துகொண்டே இருக்கும். அதைச் சரியான நேரத்தில் வெட்டி மருந்தில் போட்டு அப்படியே நிறுத்த வேண்டும். மெழுகில் பதித்து, வெங்காயச் சருகைவிட மெலிசாகச் சீவி, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியின் அடியில் வைத்தால் குரோமோசோம்கள் இறைந்து கிடக்கும் எள்ளைப் போலத் தெரியும். சில ஒன்றின் மேல் ஒன்று படுத்திருக்கும். ஒன்றா இரண்டா என்று கண் ஏமாறும். படம் வரைந்து, ஒவ்வொன்றாக எண்ணி, இன்னொரு அணுவில் மறுபடி எண்ணி, மூன்றாவதிலும் எண்ணி, கணக்கு ஒத்துவந்தால்தான் ஒரு எண். ஒரு நாணலுக்கு ஒரு எண்.

1934-ல் அந்த வேலைக்கு ஆள் வந்தது. தலச்சேரியில் 1897-ல் பிறந்தவர். சென்னை ராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்து, பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரியில் பாடம் சொல்லிக்கொடுத்து, அமெரிக்காவின் மிச்சிகனில் 1931-ல் டாக்டர் பட்டம் வாங்கி, திருவனந்தபுரத்தில் இரண்டு வருடம் பேராசிரியராக இருந்துவிட்டு, கோயம்புத்தூர் கரும்பு நிலையத்துக்கு மரபியலாளராக வந்து சேர்ந்தார் எடவலத் கக்கட் ஜானகி அம்மாள். முதலில் கையிலெடுத்தது நாணலை. அந்த எண்ணிக்கை 1936-ல் அச்சேறியது. அதற்குள் அவர் மேசையில் வேறொரு செடி முளைத்துக்கொண்டிருந்தது. அதற்கு அம்மா கரும்பு, அப்பா மக்காச்சோளம்.

(தொடரும்)